திரும்பும் லாரி பேசினால் போதுமா?

லண்டனில் சிக்னலுக்குக் காத்து நிற்கும் பெரிய லாரி, இடது இண்டிகேட்டரைப் போட்டதும் பேச ஆரம்பித்துவிடும். "காஷன், திஸ் வெஹிக்கிள் இஸ் டர்னிங் லெஃப்ட்." இடையில் ஒரு 'பீப்' அல்லது 'ஷ்ஷ்', மறுபடியும் அதே வாக்கியம். ஊருக்குப் புதியவர்கள் இது நடந்து போகிறவர்களுக்கான அறிவிப்பு என்று நினைப்பார்கள். அவர்களுக்கும் பயன்தான். ஆனால் அந்தக் குரல் முதலில் தேடுவது, லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவே நுழைந்து வரும் சைக்கிள்காரரை.

பிரிட்டனிலும் நம் ஊர் போல இடப்பக்கம்தான் வண்டி ஓடும்; டிரைவர் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பார். கட்டுமான லாரிகளில் கேபின் மிக உயரம். இடது ஜன்னலின் கீழ்விளிம்பே சைக்கிள்காரரின் தலைக்கு மேலே இருக்கும். கேபினை ஒட்டி நிற்பவர் கண்ணாடியில் மட்டும்தான் தெரிவார், அதுவும் டிரைவர் சரியான நொடியில் சரியான கண்ணாடியைப் பார்த்தால்.

திரும்பும் விதமும் ஏமாற்றும். நீளமான வண்டியின் பின்சக்கரங்கள் முன்சக்கரத்தின் தடத்தில் போகாமல், உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். அவை நடைபாதையில் ஏறிவிடக் கூடாதே என்று டிரைவர் முதலில் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கி, பிறகு இடது பக்கம் ஒடிப்பார். பின்னால் வருபவருக்கு, லாரி வலப்பக்கம் போகிறது, இடதில் வழி விட்டிருக்கிறது என்று தோன்றும். அந்த வழி இரண்டு மூன்று நொடியில் மூடிவிடும். அவர் அதற்குள் பின் இண்டிகேட்டரைத் தாண்டியிருந்தால் அது மின்னுவதும் அவருக்குத் தெரியாது. ஒலி எச்சரிக்கைக்கு நியாயம் இருப்பது இங்கேதான்.

2015 முதல் 2017 வரை லண்டனில் சைக்கிள்காரர்கள் இறந்த மோதல்களில் 63 சதவீதத்தில் கனரக லாரிகள் சம்பந்தப்பட்டிருந்தன. நகரத்தில் ஓடிய மொத்த மைல்களில் அவற்றின் பங்கு 4 சதவீதம்தான். இதன் விளைவாக வந்ததுதான் டைரக்ட் விஷன் ஸ்டாண்டர்ட் என்ற விதி. 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு, டிரைவர் ஜன்னல் வழியாக நேரடியாக எவ்வளவு பார்க்க முடிகிறது என்பதை வைத்துப் பூஜ்யம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை கொடுப்பார்கள். 2021 மார்ச் 1 முதல் இது அமலில் இருக்கிறது. 2024 அக்டோபர் 28 முதல் குறைந்தது மூன்று நட்சத்திரம் வேண்டும். இல்லையென்றால் கேமரா, சென்சார், பக்கத் தடுப்பு, எச்சரிக்கைப் பலகை, இடது திரும்பல் ஒலி எல்லாம் அடங்கிய 'புரோகிரசிவ் சேஃப் சிஸ்டம்' பொருத்த வேண்டும். இந்த விதிப்படி வாங்க வேண்டிய அனுமதி இல்லாமல் லண்டனில் ஓட்டினால் அபராதம் 550 பவுண்டு.

இந்தப் பட்டியலில் மிக மலிவானது ஒலி அலாரம்தான். மிக அலட்சியமாகப் பொருத்தப்படுவதும் அதுவே.

அதனிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? அந்த ஆங்கில வாக்கியத்தைச் சொல்லி முடிக்கச் சுமார் இரண்டரை நொடி. மணிக்கு 20 கிலோமீட்டரில் வரும் சைக்கிள் அதற்குள் 14 மீட்டர் கடந்துவிடும். வழக்கமான டிரெய்லரின் நீளம் 13.6 மீட்டர். அதாவது குரல் 'காஷன்' என்று தொடங்கும்போது டிரெய்லரின் வால்பக்கம் இருந்தவர், 'லெஃப்ட்' என்ற சொல் காதில் விழும்போது கேபினுக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருப்பார். ஆகவே வாக்கியத்துக்கு முன்னால் கூர்மையான ஒரு ஒலி வரும் மாடல்களே மேல். பேச்சு இல்லாமல் ஒலி மட்டும் தரும் மாடலையும் நான் ஒதுக்கமாட்டேன். ஆங்கிலம் தெரியாதவருக்கும் அது புரியும்.

இன்னொரு குறை இதைவிடப் பெரிது. அலாரம் பேசுவது ஆபத்தில் இருப்பவரிடம்; ஆபத்தை உண்டாக்குபவரிடம் அல்ல. டிரைவரிடம் பேசுவது, அவர் கண்ணுக்குத் தெரியாத பகுதியைக் கவனிக்கும் பிளைண்ட் ஸ்பாட் சென்சார். ஐ.நா. ஒழுங்குவிதி 151-இன்படி, லாரி நின்ற நிலையிலிருந்து மணிக்கு 30 கி.மீ. வரை போகும்போது, பக்கவாட்டில் 0.9 முதல் 4.25 மீட்டர் தள்ளி, மணிக்கு 5 முதல் 20 கி.மீ. வேகத்தில் வரும் சைக்கிளை அது கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். விளக்குக் கம்பத்துக்கும் நிறுத்திவைத்த காருக்கும் கத்திக்கொண்டிருந்த பழைய அல்ட்ராசோனிக் சென்சார்களை டிரைவர்கள் நம்பாமல் விட்டதில் ஆச்சரியம் இல்லை. சென்சாருக்கும் மேலே நிற்பது நேரடிப் பார்வை. லண்டன் போக்குவரத்து நிர்வாகத்துக்காக லீட்ஸ் பல்கலைக்கழகம் செய்த ஆய்வில், கண்ணாடி அல்லது திரை வழியாகப் பார்த்த டிரைவர்கள் நேரடியாகப் பார்த்தவர்களைவிட 0.7 நொடி தாமதமாகச் செயல்பட்டார்கள். மணிக்கு 15 மைல் வேகத்தில் அது 4.7 மீட்டர் கூடுதல் தூரம். ஜெர்மனி வேறு வழியில் போனது: ஊருக்குள் 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள், சைக்கிள்காரரோ பாதசாரியோ வரக்கூடிய இடத்தில், வலப்பக்கம் திரும்பும்போது நடைவேகத்தில்தான் போக வேண்டும் என்று 2020-இல் விதி கொண்டுவந்தது (அங்கே வலப்பக்கம்தான் ஓரம்). ஒரு ரூபாய் கருவிகூடத் தேவைப்படாத ஏற்பாடு.

சரி, அலாரம் பொருத்தத்தான் வேண்டும் என்றால் ஒழுங்காகப் பொருத்துவோம்.

பெரும்பாலான அலாரங்கள் இடது இண்டிகேட்டர் வயரிலிருந்து சிக்னல் எடுக்கும். இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்னும். ஒவ்வொரு மின்னலுக்கும் நடுவில் அரை நொடி வரை மின்சாரம் இருக்காது. சிக்னல் விட்டுப்போனாலும் யூனிட் ஒரு நொடியாவது தாங்கித் தொடர்ந்து பேசாவிட்டால் குரல் 'கா... கா... கா...' என்று முதல் எழுத்திலேயே திக்கி நிற்கும். புதிய லாரிகளில் இன்னொரு சிக்கல். விளக்குகளைக் கம்ப்யூட்டர் கண்காணிப்பதால், பல்பு வயரில் நேரடியாக ஒட்டுப்போட்டால் கூடுதல் மின்னோட்டத்தைப் பார்த்துவிட்டு டேஷ்போர்டில் பல்பு பழுது என்று காட்டும். பாடி கட்டுகிறவர்களுக்கென்று தயாரிப்பாளர் விட்டிருக்கும் கனெக்டரிலிருந்து எடுப்பதே சரி. வண்டி 24 வோல்ட். 12 வோல்ட் யூனிட்டைக் கொண்டுவந்து மாட்டிப் புகைத்துவிடாதீர்கள். சப்ளை வயரில் யூனிட்டோடு வந்த தாள் சொல்லும் அளவுக்கு ஃபியூஸ் போட்டு, அதை பேட்டரிப் பக்கத்துக்கு அருகில் வைக்க வேண்டும்.

ஹஸார்ட் விளக்கைப் போட்டால் இடது இண்டிகேட்டரும் மின்னும். வலது வயரையும் யூனிட்டுக்குக் கொடுத்து, இரண்டும் சேர்ந்து மின்னினால் பேசாதே என்று அமைக்காவிட்டால், ஓரமாக நின்று சரக்கு இறக்கும் லாரி அரைமணி நேரம் 'திரும்புகிறேன், திரும்புகிறேன்' என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கும். தினமும் அதைக் கேட்கும் தெருவில் உண்மையான எச்சரிக்கையை யார் மதிப்பார்கள்?

வேக வரம்பு அடுத்தது. பொதுவாக மணிக்கு 10 மைலுக்குக் கீழே மட்டும் பேசும்படி வைப்பார்கள். வேகத்தை, வண்டியின் வேகத்தையும் ஓட்டிய நேரத்தையும் பதியும் டேக்கோகிராஃப் கருவியின் பி7 என்ற வேக அவுட்புட்டிலிருந்தோ ஜிபிஎஸ்ஸிலிருந்தோ எடுக்கலாம். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் தடுமாறும் என்பதால் எனக்கு டேக்கோதான் பிடிக்கும். வேக வயரை இணைக்காமல் விட்டால் நெடுஞ்சாலையில் லேன் மாறும்போதெல்லாம் பேசும். ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கும் டிரைவர் பிறகு வயரையே பிடுங்கிவிடுவார்; அவரைக் குறை சொல்ல முடியாது.

ஒலியில் இரண்டு வகை. பழைய 'பீப்' ஒரே அதிர்வெண்ணில் வரும். இரு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேரத்திலும் அளவிலும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. ஒற்றை அதிர்வெண்ணில், குறிப்பாக 3 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில், அந்தக் கணிப்பு தவறும்: பீப் கேட்கும், எங்கிருந்து என்று தெரியாது. பல அதிர்வெண்கள் கலந்த 'ஷ்ஷ்' ஒலி திசையைத் தெளிவாகக் காட்டும். தூரத்தில் சீக்கிரம் அடங்கியும்விடும். மாடிவீட்டுக்காரர்களும் திட்டமாட்டார்கள்.

ஸ்பீக்கர் எங்கே இருக்க வேண்டும்? இடது பக்கம், கேபினுக்குப் பின்னால், வெளிப்பக்கம் பார்த்து. சேஸிஸுக்கு உள்பக்கம் மாட்டினால் இரும்பே ஒலியைத் தின்றுவிடும். முகம் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் தண்ணீர் தேங்காது. பிரஷர் வாஷ் அடிக்கும் வண்டியில், அழுத்தமாகப் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும் ஐபி69கே தரம் உள்ள ஸ்பீக்கர் வேண்டும். எர்த்தை, பெயின்டைச் சுரண்டிய சுத்தமான இடத்தில் போட்டு கிரீஸ் பூசுங்கள். குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு முதலில் பிடிப்பது எர்த்தைத்தான்.

தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபெல் குறையும். ஒரு மீட்டரில் 85 என்றால் 4 மீட்டரில் 73, 8 மீட்டரில் 67. நெரிசலான சந்திப்பின் இரைச்சலே 70-ஐத் தாண்டும். கேபினில் இருக்கும் ஸ்பீக்கர் டிரெய்லரின் வாலில் இருப்பவருக்குக் கேட்காது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. டிரெய்லரிலும் ஒன்று மாட்டுவதாக இருந்தால், லாரியிலிருந்து டிரெய்லர் விளக்குகளுக்கு மின்சாரம் தரும் 24என் சாக்கெட்டின் 3-ஆம் பின், மஞ்சள் வயர், இடது இண்டிகேட்டர். 5-ஆம் பின், பச்சை வயர், வலது. வேகத்துக்கு, டிரெய்லரின் மின்னணு பிரேக்கைக் கட்டுப்படுத்தும் ஈபிஎஸ் மாடுலேட்டரின் துணை அவுட்புட்டைக் குறிப்பிட்ட வேகத்தில் மாறும்படி அமைத்துக்கொள்ளலாம்.

பிரிட்டனில் குடியிருப்புத் தெருக்களில் இரவு 11.30 முதல் காலை 7 வரை ஹாரன் அடிக்கக் கூடாது. திரும்பல் அலாரத்துக்கும் இரவில் அடங்கும் சுவிட்ச் வைப்பது அதனால்தான். சிலர் அதைப் பக்கவிளக்கு வயரோடு இணைத்துவிடுகிறார்கள். மழைநாள் மதியத்தில் விளக்கைப் போட்டதும் அலாரமும் ஊமையாகிவிடும், அதுவும் சைக்கிள்காரருக்குப் பார்வை மங்கும் நேரத்தில். நேரம் பார்த்து அணையும் யூனிட் வாங்குங்கள்.

கேபினுக்குள் இருக்கும் டிரைவருக்கு இந்தக் குரல் சரியாகக் கேட்காது; அலாரம் பழுதாகி ஊமையாகிப் போனாலும் தெரியாது. காலையில் டயர், விளக்கு பார்க்கும்போதே இடது இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு இறங்கி, பின்சக்கரம் வரை நடந்து கேளுங்கள். பிறகு ஹஸார்டைப் போட்டு, பேசாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டும்போது, சந்திப்பில் நின்ற உடனேயே இண்டிகேட்டரைப் போடுங்கள். பச்சை விழுந்த பிறகு போட்டால் குரலும் சக்கரமும் ஒன்றாகக் கிளம்பும்.

சைக்கிளில் போகிறவர்களுக்கு: குரல் கேட்டபோது லாரியின் பின்பாதியில் இருந்தால் பிரேக் பிடித்துப் பின்னால் ஒதுங்குங்கள். முந்திவிடலாம் என்று மிதிக்காதீர்கள். முன்சக்கரத்தருகே இருந்து லாரியும் நகர ஆரம்பித்துவிட்டால், சைக்கிளைப் போட்டுவிட்டு நடைபாதையில் ஏறுங்கள். லாரிக்கு முன்னால் நிற்க நேர்ந்தால் பம்பரிலிருந்து 2 மீட்டருக்குள் வேண்டாம். டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியும் தூரத்துக்குப் போங்கள். குரலே வரவில்லை என்பதால் லாரி நேராகப் போகும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 12 டன்னும் அதற்குக் கீழும் உள்ள வண்டிக்கு இந்த விதியே இல்லை. மூன்று நட்சத்திரம் வாங்கிய வண்டிக்கு அலாரம் கட்டாயமில்லை. மணிக்கு 12 மைலில் திரும்பும் லாரியில் அலாரம் இருந்தும் வரம்பைத் தாண்டியதால் பேசாது.