காய்ச்சலில் எடுத்த கொழுப்பு ரிப்போர்ட்

இன்ஃப்ளுயன்சா வந்த நான்காம் நாள் ராத்திரி, இருமல் ஓய்ந்த பிறகும் நெஞ்சின் நடுவில் ஓர் அழுத்தம் விடவில்லை. இருமி இருமி வந்த வலி என்று திரும்பிப் படுத்தேன். தாடை வரை இழுத்தபோதுதான் பயம் பிடித்தது. அவசரப் பிரிவுக்கு ஓடினோம்.

ஈசிஜியில் மாற்றம் இல்லை. ட்ரோபோனின் என்ற இதயத் தசைப் புரதத்தின் பரிசோதனையும் நார்மல். நான் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டேன். "இதயத் தசை அடிபட்டிருந்தாலும் ரத்தத்தில் தெரியச் சில மணி நேரம் ஆகும். உட்காருங்க" என்றார் செவிலியர். மூன்று மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அதிலும் ஏறவில்லை. அப்பாடா.

கூடவே கொழுப்பும் பார்த்திருந்தார்கள். கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல் 92! போன வருடம் 158 இருந்தது. மாத்திரை போடச் சொல்லியும் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். 'பார்த்தீங்களா, தானா குறைஞ்சிடுச்சு' என்று மருத்துவரிடம் பெருமையாக நீட்டினேன். அவர் சிரித்துவிட்டார்.

கடும் தொற்றின்போது எல்டிஎல் தற்காலிகமாக இறங்குமாம், டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பு ஏறுமாம். என் தாளிலேயே அது ஏறித்தான் இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. எண் இறங்கியதால் ரத்தக் குழாய் பிழைத்தது என்று அர்த்தமில்லை. வைரஸோடு சண்டை போடும் வெள்ளணுக்கள் வெளிவிடும் ஆக்சிஜனேற்றிகள் எல்டிஎல்லையும் தாக்குகின்றன. அப்படிக் கெட்டுப்போன கொழுப்பைக் குழாய்ச் சுவரில் இருக்கும் மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கும் செல்கள் உள்ளே இழுத்து, கொழுப்பு நிறைந்த நுரைச் செல்களாக உப்புகின்றன. இதைத் தடுக்க வேண்டிய நல்ல கொழுப்பான எச்டிஎல்லும் அந்த நேரத்தில் சோர்ந்துவிடுகிறது. ஏற்கெனவே படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு அழற்சியில் வெடித்தால் ரத்தம் உறைந்து அடைப்புதான்.

2018-இல் கனடாவின் ஒன்டாரியோவில் வந்த ஆய்வை அவர்தான் சொன்னார். இன்ஃப்ளுயன்சா உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு வாய்ப்பு சுமார் 6 மடங்காம். நான் வலியோடு திரும்பிப் படுத்தது அந்த ஏழில் நான்காம் நாள்.

"அழுத்தம் திரும்ப வந்தா யோசிக்காம வாங்க. கொழுப்பை ரெண்டு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்று அனுப்பினார்.

இரண்டு மாதம் கழித்து: 161. மருத்துவர் ஒன்றும் சொல்லவில்லை. போன வருடத் தாளை இதன் பக்கத்தில் வைத்துவிட்டு, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதினார். ஃப்ளூ தடுப்பூசி எப்போது போடலாம் என்று இந்த முறை நானே கேட்டேன்.