சாக்கடையில் எண்ண வேண்டியது விகிதத்தை

சாக்கடை நீரில் ஆன்டிபயாடிக்குக்கு மசியாத பாக்டீரியா இருக்கிறதா என்று கேட்டுப் பயனில்லை. இருக்கும். எத்தனையில் எத்தனை, போன மாதத்தைவிடக் கூடியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட ‘ட்ரைசைக்கிள்’ வழிமுறை, இஎஸ்பிஎல் (பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகளைச் சிதைக்கும் நொதி) சுரக்கும் ஈ. கோலை என்ற ஒரு குடல் பாக்டீரியாவை மட்டும் மனிதர், உணவுச் சங்கிலி, சுற்றுச்சூழல் மூன்றிலும் பின்தொடரச் சொல்கிறது. புதிதாகத் தொடங்கும் ஆய்வகத்துக்கு இதுவே போதும். மரபணு வரிசையாக்கம் பிறகு வரட்டும்.

வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் மாதிரி எடுக்கும் இடத்தில். சுத்திகரிப்பு நிலையத்துக்குள் நீர் நுழையும் இடத்தில், குப்பைச் சல்லடையைத் தாண்டியதும் எடுக்க வேண்டும். கசடு பிழிந்த நீரைத் திருப்பிவிடும் குழாய் அதற்கு முன்னால் வந்து சேர்ந்தால், நிலையத்துக் கிருமிகளும் கணக்கில் ஏறிவிடும். ஒரு வாளி மொண்டால் அந்த நிமிடத்தின் கதைதான் கிடைக்கும்; மணிக்கு 100 மி.லி. வீதம் 24 மணி நேரம் சேர்த்தால் 2.4 லிட்டர் கூட்டு மாதிரி. சேரும்போதே 4 டிகிரியில் இருக்கட்டும், இல்லையென்றால் புட்டியிலேயே பெருகும். உறைய வைக்கக் கூடாது, ஈ. கோலை செத்துவிடும். குளோரின் கலந்த கழிவாக இருந்தால் குளோரினை முறிக்கப் புட்டியில் முன்கூட்டியே சோடியம் தயோசல்பேட் போட்டு வையுங்கள். எடுத்து முடித்த 24 மணி நேரத்துக்குள் பிளேட்டில் பரப்பிவிட வேண்டும்.

ஈ. கோலை நீலப்பச்சையாக வளரும் டிபிஎக்ஸ் அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் இரண்டு வகைப் பிளேட்: ஒன்று வெறும் அகார், மற்றது லிட்டருக்கு 4 மி.கி. செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாடிக் கலந்தது. ஆட்டோகிளேவிலிருந்து (நீராவியில் கிருமி நீக்கும் கலன்) எடுத்த அகார் 50 டிகிரி அளவுக்கு ஆறிய பிறகே மருந்தைச் சேர்க்க வேண்டும். சூட்டில் சேர்த்தால் சிதைந்து, எல்லாமே எதிர்ப்புள்ளதாக வளர்ந்து நிற்கும். ஒவ்வொரு தயாரிப்பிலும் மருந்துக்கு மசியும் ஒப்பீட்டு வகையான ஏடிசிசி 25922 ஈ. கோலையை மருந்துப் பிளேட்டில் தடவிப் பாருங்கள். வளர்ந்தால் அந்தத் தொகுதி முழுவதும் குப்பைக்கு.

நூறில் ஒன்றாக நீர்த்த மாதிரியில் 0.1 மி.லி. வெறும் பிளேட்டில் 60 நீலப்பச்சைக் காலனி தந்தால் மி.லி.க்கு 60,000. பத்தில் ஒன்றாக நீர்த்ததில் அதே 0.1 மி.லி. மருந்துப் பிளேட்டில் 45 தந்தால் 4,500. விகிதம் 7.5 சதவீதம். மழைநீர் கலந்து நீர்த்தால் இரண்டு எண்ணும் சேர்ந்தே குறையும்; விகிதம் அவ்வளவாக அசையாது. ஆனால் பெருமழையின் முதல் வெள்ளம் குழாய்ச் சுவரில் படிந்த பழைய கிருமிப் படலத்தையும் அரித்து வரும். அன்றைய மாதிரிக்குத் தனிக் குறிப்பு போடுங்கள்.

மருந்துப் பிளேட்டில் வளர்ந்ததெல்லாம் இஎஸ்பிஎல் அல்ல. சில காலனிகளைத் தனியே வளர்த்து, 30 மைக்ரோகிராம் செஃபோடாக்சிம் வட்டையும், அதோடு இஎஸ்பிஎல்லை முடக்கும் கிளாவுலானிக் அமிலம் 10 மைக்ரோகிராம் சேர்ந்த வட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். செஃப்டாசிடிம் என்ற இன்னொரு மருந்திலும் அப்படியே. ஏதாவது ஒரு ஜோடியில் அமிலம் சேர்ந்த வட்டைச் சுற்றிக் கிருமி வளராத தடை வளையம் 5 மி.மீ. அல்லது மேல் பெரிதாக இருந்தால் உறுதி.

மருத்துவமனைக் கழிவு கலக்கும் குழாய் எது என்று வரைபடத்தில் குறித்து, அது சேருவதற்கு மேலேயும் ஒரு மாதிரி எடுங்கள். இல்லையென்றால் ஒரே கட்டடத்தின் விகிதத்தை ஊர் தலையில் கட்டிவிடுவோம். விகிதத்தை நோயாளிகளின் எண்ணிக்கையாக மாற்றவும் முடியாது. குடலில் சும்மா சுமப்பவர்களும் இதில் அடக்கம்.

கியூபிசிஆர் (மரபணுவை நகலெடுத்துப் பெருக்கி அளவிடும் முறை) செய்பவர்களுக்கு ஒன்று: கழிவுநீரிலுள்ள ஹ்யூமிக் பொருள்கள் (மக்கிய கரிமப் பொருள்கள்) நகலெடுக்கும் நொதியை முடக்கும். டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டினால், மரபணு கண்ணுக்குத் தட்டுப்பட ஆகும் பெருக்கச் சுற்றுகளின் எண், அதாவது சுழற்சி எண், சுமார் 3.3 கூட வேண்டும். ஒன்றோ இரண்டோதான் கூடியது என்றால் தடை இருக்கிறது. நீர்த்த மாதிரியின் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.