பிளானில் இல்லாத அட்டெண்டர்

புதிதாகக் கட்டப்போகும் எந்த ஆஸ்பத்திரியின் பிளானை என்னிடம் காட்டினாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான். நோயாளியோடு வந்தவர் ராத்திரி எங்கே படுப்பார்? கட்டில் எத்தனை, தியேட்டர் எத்தனை, லிஃப்ட் எத்தனை, கார் நிறுத்த எவ்வளவு இடம் என்று எல்லாம் குறித்திருப்பார்கள். அட்டெண்டருக்கு, அதாவது நோயாளிக்குத் துணையாக வந்த அந்த ஆளுக்கு, ஒரு கோடுகூட இருக்காது. ரிசப்ஷன் எதிரில் நான்கு வரிசை நாற்காலி, அவ்வளவுதான். பல வருடம் வார்டு நர்ஸாக இருந்துவிட்டு இப்போது வேலூர்ப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். நம் ஆஸ்பத்திரிகளில் தினமும் நடக்கும் பாதிச் சண்டைக்கும் தாமதத்துக்கும் இந்த ஒரு ஆளைக் கணக்கில் எடுக்காததுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஏனென்றால் நம் ஊரில் அட்டெண்டர் பார்வையாளர் கிடையாது, சம்பளம் வாங்காத ஊழியர். டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்து ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார் என்று வையுங்கள். சீட்டை எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடியிலிருந்து கீழே கேஷ் கவுண்டருக்குப் போக வேண்டும், ரசீதோடு மேலே வர வேண்டும், நர்ஸ் எடுத்துக் கொடுக்கும் சாம்பிளை வாங்கிக்கொண்டு மறுபடி லேபுக்கு இறங்க வேண்டும், அப்புறம் ரிப்போர்ட்டுக்கு ஒரு நடை, நடுவில் மருந்துக்கடைக்கு ஒரு நடை. இருக்கிற ஒரு லிஃப்ட்டும் ஸ்ட்ரெச்சருக்கே போதாது என்பதால் எல்லாம் படிக்கட்டில். அந்த நேரம் முழுக்க, மாத்திரை மயக்கத்தில் இருக்கும் எழுபது வயதுப் பெரியவர் கட்டிலில் தனியாகக் கிடக்கிறார். கேஷ் கவுண்டரைக் கீழ்த்தளத்தில் வைக்கலாம் என்று வரைபடத்தில் யாரோ முடிவு செய்தது, வார்டில் இப்படி வந்து விடிகிறது.

அந்தப் பெரியவருக்கு அவசரமாகச் சிறுநீர் வந்தால் என்ன செய்வார்? எழுந்து போகத்தான் பார்ப்பார். வார்டில் நோயாளிகள் கீழே விழுவதைப் பற்றிப் படிவம் நிரப்பும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இருக்கும் அந்தத் தூரம்தான் ஆபத்து. நம் பிளான்களில் கழிப்பறை பெரும்பாலும் வார்டின் கடைக்கோடியில் இருக்கும், குழாய் வேலை ஒரே பக்கம் முடியும் என்பதற்காக. கதவு உள்பக்கமாகத் திறக்கும். உள்ளே மயங்கி விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் அப்படி ஒரு ராத்திரி கதவை உடைத்துத்தான் ஒரு அம்மாவை வெளியே எடுத்தோம். கட்டும்போதே கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்திருந்தால் தனியாக ஒரு ரூபாய்கூடச் செலவாகியிருக்காது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

நர்சிங் ஸ்டேஷனும் அப்படித்தான். லிஃப்ட்டிலிருந்து வெளியே வருபவர்களுக்கு அழகாகத் தெரிய வேண்டும் என்று வளைந்த கிரானைட் மேடை போட்டு, உட்காருகிற நர்ஸின் முதுகு கட்டில்களைப் பார்த்திருக்கும்படி அமைத்துவிடுகிறார்கள். நைட் டூட்டியில் ஒரே ஆள் இருபது கட்டிலுக்கு மேல் பார்க்கும்போது, தலையை நிமிர்த்தினால் எல்லா முகமும் தெரிகிற மாதிரி இடம் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்று, அங்கே உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

சரி, அட்டெண்டருக்கு வருவோம். ஆஸ்பத்திரி கட்டாமல் விட்ட அறைகளை வேலூர் ஊரே கட்டிக் கொடுத்திருக்கிறது. சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரி எதிரே காந்தி ரோட்டிலும் அதன் சந்துகளிலும் நடந்து பாருங்கள். லாட்ஜுக்கு மேல் லாட்ஜ், வங்காளத்தில் எழுதிய பலகைகள், மீன்குழம்பு வாசனை. மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருபவர்கள் வாரக்கணக்கில் தங்கி, தாங்களே சமைத்து, நோயாளிக்குக் கொண்டுபோய் ஊட்டுகிறார்கள். சிகிச்சை செலவில் ஒரு பெரிய பங்கு இந்தத் தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும் போகிறது, அது எந்த ஆஸ்பத்திரி பில்லிலும் வராது.

இதைச் சரியாக யோசித்த உதாரணமும் இதே ஊரில்தான் இருக்கிறது. 1957ல் தொடங்கிய சிஎம்சியின் பாகாயம் மனநல மையத்தில், நோயாளியோடு குடும்பத்தார் தங்குவது சிகிச்சையின் ஒரு பகுதி. வீட்டுக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளப் போவது அவர்கள்தான் என்பதால், மருந்து கொடுப்பது, அறிகுறிகளைக் கவனிப்பது எல்லாம் அங்கேயே பழகிவிடுகிறது. எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்து, அதற்கேற்ற இடத்தை அப்புறம் அமைத்திருக்கிறார்கள். அதற்கும் பல வருடம் முன்னால், சிஎம்சியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் குடியாத்தம் சாலையில் வண்டியில் போய் மரத்தடிகளில் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தபோது அதற்கென்று கட்டடமே கிடையாது. ஜனங்கள் நடந்து வரக்கூடிய மரம் எது என்று பார்த்து நிறுத்தினார்களே, என்னைக் கேட்டால் அதுவும் ஆஸ்பத்திரி பிளானிங்தான்.

காற்று விஷயத்திலும் அட்டெண்டர் கணக்கில் வருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2009ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இயற்கைக் காற்றோட்டத்தை நம்பும் சாதாரண வார்டில் நோயாளி ஒருவருக்கு நொடிக்கு 60 லிட்டர் காற்று வேண்டும் என்கிறது. இருபது கட்டில் வார்டில் அந்தக் கணக்கு இருபது பேருக்கு. நம் வார்டில் மாலை ஆறு மணிக்கு எண்ணிப் பாருங்கள், நாற்பது பேருக்குக் குறையாது, கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்தவர்களையும் சேர்த்து. அதில் ஒருவருக்குக் கண்டுபிடிக்காத காசநோய் இருந்தால்? 2007ல் வெளியான பெரு நாட்டு ஆய்வு ஒன்று, லிமா நகர ஆஸ்பத்திரிகளை அளந்து பார்த்து, உயரமான கூரையும் பெரிய ஜன்னல்களும் உள்ள பழைய கட்டடங்களில்தான் புதியவற்றைவிடக் காற்று நன்றாக மாறுகிறது என்று காட்டியது. நாமோ பழைய உயரக் கூரைகளை இடித்துவிட்டு, ஏசி போடுவதற்காகத் திறக்கவே முடியாத கண்ணாடியை மாட்டுகிறோம். மே மாத வேலூர் வெயிலில் ஏசி வேண்டும்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் கரண்ட் போனாலோ இருமல் கேஸ் வந்தாலோ திறக்க ஒரு ஜன்னல் இருக்கட்டும்.

டிஸ்சார்ஜ் இன்னொரு தலைவலி. காலையில் டாக்டர் 'வீட்டுக்குப் போகலாம்' என்று சொல்லிவிடுவார். சம்மரி, பில், இன்சூரன்ஸ் ஒப்புதல், மருந்து எல்லாம் முடியச் சாயங்காலம் ஆகிவிடும். ஒடுகத்தூர் தாண்டி மலைக்கிராமத்துக்குப் போக வேண்டியவருக்கு அதற்குள் பஸ் போயிருக்கும், அந்த ராத்திரி வராண்டாவில்தான். இன்னொரு பக்கம், எமர்ஜென்சியில் ஸ்ட்ரெச்சரிலேயே காத்திருக்கும் நோயாளிக்கு அந்தக் கட்டில் கிடைக்காமல் இருந்திருக்கும். நடமாடக்கூடியவர்கள் காகிதம் முடியும்வரை உட்கார, கீழ்த்தளத்தில் வாசல் பக்கமாக ஒரு ஹால், அதிலேயே ஒரு பில்லிங் ஜன்னல், மருந்து எப்படிச் சாப்பிடுவது என்று விளக்க ஒரு நர்ஸ். இது இருந்தால் காலை பத்து மணிக்கே கட்டில் காலியாகும்.

குடியாத்தத்திலோ ஆம்பூரிலோ ஆரணியிலோ சின்னதாக நர்சிங் ஹோம் கட்டும் டாக்டர்கள் யாராவது இதைப் படித்தால், பிளானை அப்ரூவலுக்குக் கொடுக்கும் முன் ஒருநாள் ஒதுக்குங்கள். நைட் டூட்டி பார்த்த நர்ஸ் ஒருவர், ஸ்ட்ரெச்சர் தள்ளும் ஊழியர் ஒருவர், ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருவர், சமீபத்தில் அப்பாவையோ அம்மாவையோ ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்த சாதாரண ஆள் ஒருவர், நான்கு பேரையும் கூப்பிடுங்கள். காலி மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஒரு வார்டை நிஜ அளவில் வரைந்து, கடன் வாங்கியாவது ஒரு ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்து திருப்பிப் பாருங்கள், கேஷ் கவுண்டர் வரை நடந்து பாருங்கள். அட்டெண்டர் பாய் விரிக்க, துணி துவைக்க, பை வைத்துப் பூட்ட, போன் சார்ஜ் போட எங்கே இடம் என்று அந்த நான்காவது ஆளிடமே கேளுங்கள். வேலூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற தூரம் என்றால் நானே வருகிறேன்.