அணுக்கழிவும் ஊர் எல்லையும்

மார்ச் 3
நண்பனோடு வாக்குவாதம். "அறிவியல் தெரியாத பயந்தாங்கொள்ளிகள்தான் அணுக்கழிவுக் கிடங்கை எதிர்க்கிறார்கள்" என்று ஒரே போடாகப் போட்டான். எனக்கு ஒப்பவில்லை. சரி, படித்துவிட்டே பேசுவோம்.

மார்ச் 4
அணு உலையிலிருந்து எடுத்த எரிபொருள் முதலில் தண்ணீர்த் தொட்டியில் சில ஆண்டுகள் கிடந்து சூடு ஆற வேண்டும். சிக்கல் அதற்கப்புறம்தான். அதிலுள்ள கதிரியக்கப் பொருள்களில் சீசியம்-137 பாதியாகக் குறைய 30 ஆண்டு. புளூட்டோனியம்-239 பாதியாக 24,100 ஆண்டு. பின்லாந்தின் ஒன்கலோ நிலத்தடிக் கிடங்கில் எரிபொருளை வார்ப்பிரும்புக் கூட்டில் வைத்து, 5 செ.மீ. தடிமனுள்ள செம்பு உறை போட்டு, சுற்றிலும் பெண்டோனைட் களிமண் அடைப்பது திட்டம். நீர் பட்டால் அந்தக் களிமண் உப்பி, இடுக்கையெல்லாம் அதுவே மூடிவிடும். இத்தனையும் 400 மீட்டருக்கும் கீழே, பாறைக்குள். கெட்டிக்கார ஏற்பாடுதான்.

மார்ச் 6
ஒன்கலோ இருக்கும் யூராயோக்கி ஊராட்சிக்கு "வேண்டாம்" என்று சொல்லும் சட்ட உரிமை இருந்தது. அதை அரசால் மீற முடியாது. 2000-இல் ஊர் மன்றம் ஓட்டெடுத்துச் சம்மதித்தது. மறுக்க முடியும் என்பதால்தான் நிதானமாக யோசிக்க முடிந்தது என்று நினைக்கிறேன். அங்கே அணு உலைகள் ஏற்கெனவே இருந்தன, வரியும் வந்துகொண்டிருந்தது. அதையும் மறக்கக்கூடாது.

மார்ச் 9
இன்று குழப்பம் கூடிவிட்டது. 2013 ஜனவரியில் இங்கிலாந்தின் கம்ப்ரியாவில், கோப்லேண்ட் உள்ளூர் மன்றம் கிடங்குக்கு இடம் தேடும் பணியைத் தொடரலாம் என்றது. அதற்கு மேலே இருக்கும் கம்ப்ரியா மாவட்ட மன்றம் கூடாது என்றது. அமெரிக்காவின் யக்கா மலையிலும் இதே கதை. மலை இருக்கும் நை கவுண்டி நிர்வாகம் ஆதரவு, நெவாடா மாநிலம் எதிர்ப்பு. 2002-இல் ஆளுநர் மறுத்தார், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்த மறுப்பைத் தூக்கியெறிந்தது. அப்படியும் கிடங்கு வரவில்லை. ஜப்பானின் டோயோவில் 2007-இல் மேயர் தாமாக முன்வந்து கிடங்குக்கான ஆய்வுக்கு விண்ணப்பித்தார். மக்கள் கொதித்தார்கள், தேர்தலில் தோற்றார், விண்ணப்பமும் போயிற்று.

ஆக, யாருடைய சம்மதம் ஊரின் சம்மதம்? கிடங்குக்கு மேலே இருப்பவரா, பக்கத்து ஊர்க்காரரா, லாரி போகும் சாலையோரத்தவரா?

மார்ச் 10
நண்பனிடம் கேட்டேன். "எல்லாரையும் கேட்டால் எதுவும் நடக்காது" என்றான். கேட்காத இடங்களிலும் நடக்கவில்லையே!

மார்ச் 13
ஜெர்மனியின் ஆஸ்ஸே உப்புச் சுரங்கம். பெயருக்கு ஆய்வுச் சுரங்கம். 1967 முதல் 1978 வரை சுமார் 1,26,000 அணுக்கழிவு உருளைகளை உள்ளே தள்ளினார்கள். இன்று சுரங்கத்துக்குள் நீர் கசிகிறது. எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். இதைப் பார்த்த மக்களைப் பயந்தாங்கொள்ளிகள் என்பது அநியாயம்.

அதே ஜெர்மனியில் கோர்லபென் ஊர் தலையில் 1977-இல் கிடங்கைக் கட்டப் பார்த்தார்கள். கழிவு ரயில் வந்தபோதெல்லாம் தண்டவாளத்தில் மக்கள் உட்கார்ந்தார்கள், விவசாயிகள் டிராக்டர்களைக் குறுக்கே நிறுத்தினார்கள். 2020-இல் நிலவியல் காரணங்களைச் சொல்லி அங்குள்ள நிலத்தடி உப்புப் படுகையைக் கிடங்கு இடங்களின் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். ஆனால் ஏற்கெனவே வந்திறங்கிய 113 கலன்கள் அங்கேயே, தரைமேல் ஒரு கொட்டகையில்தான் இருக்கின்றன. அதற்கு உரிமம் 2034 வரை.