விற்கட்டுமா, முசாவோ?

"விற்கட்டுமா, முசாவோ?" என்று அந்தப் பெண்மணி கேட்டதும், நான் பதில் சொன்னதும், அவர் வாசலைப் பார்த்துத் திரும்பியதும் எல்லாம் சேர்ந்து அரை நிமிடம்கூட இருக்காது. பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த அரை நிமிடம் இன்னும் என்னை விடவில்லை.

முசாவோ என்றால் லுகாண்டா மொழியில் வைத்தியர். மனிதருக்கு வைத்தியம் பார்ப்பவரையும் கால்நடை டாக்டரையும் அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். உகாண்டாவில் மசாகா பக்கம் சிறு பன்றி வளர்ப்பாளர்களோடு வேலை செய்துகொண்டிருந்தேன். வேலிக்கு வெளியே பன்றிக்கறிக் கடைக்காரர் மோட்டார் சைக்கிளை அணைக்காமலே காலை ஊன்றி நின்றிருந்தார். பாதி விலை சொல்லியிருந்தார். சற்றுத் தள்ளியிருந்த ஒரு கிராமத்தில் பன்றிகள் சாகின்றன என்ற செய்தி இரண்டு நாளாகவே பரவியிருந்தது. செய்தி வந்தால் வியாபாரி வருவார், பாதி விலை கேட்பார். அது அங்கே எல்லோருக்கும் தெரிந்த வரிசை.

"வேண்டாம் ஞாபோ. விற்காதீங்க. அவரை உள்ளேயும் விடாதீங்க."

ஞாபோ என்றால் அம்மா. இதைத்தான் சொன்னேன். உடன் வந்த உள்ளூர் விரிவாக்கப் பணியாளர் மொழிபெயர்த்தார். அவர் பேசிய வாக்கியம் என்னுடையதைவிட நீளமாக இருந்தது, ஏதோ மரியாதை சேர்த்திருப்பார். அந்தப் பெண்மணி என்னைப் பார்க்கவில்லை, பன்றிகளைப் பார்த்தார். ஒரு தாய்ப் பன்றி, மூன்று வளரும் குட்டிகள். தாய் சினையாக இருந்தது, ஈனுவதற்கு இன்னும் ஒரு மாதம். பிறகு வேலியைப் பார்த்து ஏதோ சொன்னார். வண்டி பக்கத்து வீட்டுக்குப் போனது. அங்கே இரண்டு பன்றிகளை விற்றார்கள்.

பதினோராம் நாள் தாய்ப் பன்றி தீனியைத் தொடவில்லை. அடுத்த ஐந்து நாளில் நான்கும் போய்விட்டன.

நான் சொன்னது சரியான பதில். இதை இப்போதும் சொல்வேன். வந்தது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், 1921-லேயே கென்யாவில் விவரிக்கப்பட்ட நோய். அன்றைக்கும் மருந்து கிடையாது, இன்றைக்கும் கிடையாது. நாங்கள் அங்கே இருந்த காலத்தில் தடுப்பூசியும் இல்லை. வியட்நாம் ஒரு தடுப்பூசியை நாடு முழுக்கப் பயன்படுத்த அனுமதித்ததே 2023-இல்தான். கடுமையான வகை வந்தால் கொட்டிலில் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. மனிதருக்கு இது ஒன்றும் செய்யாது, அதனாலேயே கறி விற்பனை நிற்பதில்லை. உடம்பில் கிருமி புகுந்து 4 முதல் 19 நாள் வரை பன்றி சாதாரணமாகத் தின்றுகொண்டு நிற்கும். பயந்துபோய் விற்கப்படும் பன்றி அந்த நாட்களில்தான் ஊர் விட்டு ஊர் போகிறது. கறியில், ரத்தத்தில், கத்தியில், செருப்பில் ஒட்டிக்கொண்டு நோயும் கூடவே போகிறது. அதனால் விற்காதே என்பதுதான் எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இருக்கும் வரி. எங்கள் கையேட்டில் அந்த வரியை எழுதியவனே நான்தான்.

ஆனால் அந்தப் பெண்மணி கேட்டது நோயைப் பற்றி இல்லை. பள்ளியில் இரண்டாம் பருவம் தொடங்க பத்து நாள் இருந்தது. அந்தப் பகுதியில் பன்றி என்பது வீட்டு உண்டியல். சர்க்கரைவள்ளிக் கொடியும் மக்காச்சோளத் தவிடும் போட்டு, பெரும்பாலும் பெண்கள்தான் வளர்க்கிறார்கள். பருவக் கட்டணம் கட்டும் நேரம் வந்ததும் உண்டியலை உடைக்கிறார்கள். 2008-ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் உகாண்டாவில் 32 லட்சம் பன்றிகள் இருந்தன. பெரிய பண்ணைகளை எண்ணி வந்த கணக்கு இல்லை இது, இப்படி இரண்டும் நாலுமாய் மரத்தடியில் கட்டிக் கிடந்தவைதான் அதில் பெரும்பகுதி. எல்லோரும் ஒரே வாரத்தில் விற்க வந்தால் விலை இறங்காமல் என்ன செய்யும்? அதை மாற்றத்தான் நாங்கள் போயிருந்தோம். சேர்ந்து விற்பது, எடை தெரிந்து விற்பது, கட்டண வாரத்துக்கு முன்னாலேயே விற்பது. மதிப்புச் சங்கிலி என்று சுவரில் ஒட்டியிருந்த படத்தில் கட்டங்களும் அம்புகளும் இருந்தன. வளர்ப்பவர், தரகர், அறுப்பவர், கடைக்காரர், வாங்குபவர். பணம் எந்தப் பக்கம் எவ்வளவு போகிறது என்று நானே அம்புக்குறிகளுக்கு மேல் எழுதியிருக்கிறேன். நஷ்டம் எந்தப் பக்கம் போகும் என்று அந்தப் படத்தில் யாரும் அம்பு போடவில்லை.

அன்றைக்கு அது போன பாதை எனக்கு இப்போது தெளிவாகத் தெரிகிறது. கடைக்காரருக்கு நோயே ஒரு மலிவு விலை. வாங்குபவருக்குக் கறி கிடைத்தது. மற்ற கிராமங்களின் பன்றிகளுக்கு ஒருவேளை என் வார்த்தையால் கொஞ்சம் பாதுகாப்பு கிடைத்திருக்கலாம். அதற்கான விலையை முழுக்கக் கொடுத்தவர் அந்தப் பெண்மணி. 'ஊருக்காக நீங்கள் விற்காமல் இருங்கள், நஷ்டத்தை நாங்கள் ஏற்கிறோம்' என்று சொல்ல என் கையில் ஒன்றும் இல்லை. திட்டத்தில் பயிற்சிக்குப் பணம் இருந்தது, கூட்டத்துக்கு இருந்தது, இழப்பீட்டுக்கு இல்லை. இழப்பீடு இல்லாத இடத்தில் 'விற்காதீங்க' என்பது ஆலோசனையா, இல்லை ஏழையிடம் போய் நன்கொடை கேட்பதா? இதை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள், பிறகு கொள்ளைநோயியல் பேசினார்கள். நானும் அப்படித்தான் பேசுவேன்.

வேறு வழி இருந்ததா என்றால், இருந்தது. இதை எழுதுவதுதான் கஷ்டமாக இருக்கிறது. பன்றிகளை விற்கவும் அறுக்கவும் மாவட்டம் போடும் தடை உத்தரவு அன்றைக்கு இன்னும் வரவில்லை. காய்ச்சல் எதுவும் தெரியாத அந்த மூன்று குட்டிகளையாவது அங்கேயே அறுத்து, ரத்தத்தையும் குடலையும் ஆழமாகப் புதைத்து, கறியைப் பக்கத்து வீடுகளுக்குள்ளேயே விற்று, நன்றாக வேகவைத்துத் தின்னச் சொல்லியிருக்கலாம். ஆபத்து இல்லாத வழி இல்லை, கறியும் நோயைக் கடத்தும். ஆனால் உயிரோடு மோட்டார் சைக்கிளில் போவதைவிட ஆபத்து குறைவு. பள்ளிக் கட்டணத்தில் ஒரு பங்காவது தேறியிருக்கும். அது எனக்கு அப்போதே தெரியும். கையேட்டில் இல்லாததைச் சொல்லி நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்ற பயம் வாயைக் கட்டிவிட்டது. அந்தப் பயத்துக்கு நெறிமுறை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

இதோடு முடிந்திருந்தால் ஒரு தவறான தீர்ப்பு என்று மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். பன்றிகள் செத்து இரண்டு வாரம் கழித்து அந்த வீட்டுக்குப் போனபோது கொட்டிலில் ஈரச் சாம்பல் மட்டும் கிடந்தது. உட்கார ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். கோபம் இல்லை. நான் சொன்ன அனுதாபத்தை எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அன்றைக்கு இங்கே வருவதற்கு முன்னால் எந்த ஊரில் இருந்தீங்க, முசாவோ?"

நான் அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போனது நோயைப் பார்க்க இல்லை, டேப் பிடிக்கக் கற்றுக்கொடுக்க. தையல்காரர் டேப் மாதிரிதான் இருக்கும். பன்றியின் முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றிப் பிடித்தால் எடையைக் கணிக்கலாம். கண்மதிப்பில் விலை சொல்லும் வியாபாரியிடம் எடை சொல்லிப் பேச அது ஒரு ஆயுதம், எங்கள் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பொருள். பழுப்பேறிய அந்த டேப்பின் நுனித் தகரத்தில் எப்போதும் கொஞ்சம் சேறும் ரோமமும் சிக்கியிருக்கும். அதற்கு முந்தின நாள் அதே டேப்பை வேறு இரண்டு கிராமங்களில், எத்தனையோ பன்றிகளின் நெஞ்சில் சுற்றியிருக்கிறேன். அந்த இரண்டில் ஒன்று, பன்றிகள் செத்த கிராமம் இருந்த அதே சாலையில் இருந்தது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன், நன்றாக நினைவிருக்கிறது. தகரத்து இடுக்கைத் துடைத்தேனா என்பது நினைவில்லை. பூட்ஸை பிளீச்சிங் கரைசலில் முக்கினேன். சேறு அப்பியிருந்தால் அந்தக் கரைசல் வீரியம் இழந்துவிடும், முதலில் குச்சியால் சுரண்ட வேண்டும் என்று மற்றவர்களுக்கு வகுப்பெடுத்தவன் நான். சுரண்டினேனா?

நாள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். பதினோரு நாள் என்பது 4-க்கும் 19-க்கும் நடுவில் வசதியாக உட்கார்ந்துகொள்கிறது. நான் வருவதற்கு முன்பே கிருமி அங்கே இருந்தது என்றும் சொல்லலாம், நான் கொண்டுவந்தேன் என்றும் சொல்லலாம். பக்கத்து வீட்டுக்காரர் மிச்சம் வைத்திருந்த பன்றியும் பிறகு செத்தது, அதனால் அங்கிருந்து வந்திருக்கலாம். வியாபாரியின் டயரில் வந்திருக்கலாம். இந்த 'கலாம்'களை அடுக்கும்போதெல்லாம் என் டேப்பைக் கடைசியில் வைக்கிறேன் என்பதைக் கவனித்திருக்கிறேன்.

அவர் கேள்விக்கு ஊர்ப் பெயரைச் சொன்னேன். "ம்" என்றார். பிறகு தேநீர் கொடுத்தார்.

அடுத்த பதிப்புக் கையேட்டில் வீட்டுக்கு ஒரு டேப் என்று சேர்த்தேன். வீட்டுக்குள் விடக்கூடாதவர்கள் பட்டியலில் தரகருக்கும் கடைக்காரருக்கும் கீழே 'டாக்டரும் திட்டப் பணியாளர்களும்' என்று எழுதினேன். குழுவுக்கு ஒரு டேப் போதாதா, வீண் செலவு ஏன் என்று மேலிருந்து கேட்டார்கள். சுத்தம் என்று மட்டும் பதில் எழுதினேன். அந்த வீட்டைப் பற்றி எழுதவில்லை.

விற்கட்டுமா என்ற கேள்விக்கு அந்தக் கையேட்டில் பழைய பதில்தான் இருக்கிறது. இரண்டு முறை அந்தப் பக்கத்தைத் திறந்து அறுப்பதைப் பற்றி ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். இரண்டு முறையும் அழித்துவிட்டேன்.