ரகசியம் காக்கும் கம்பெனியிலிருந்து அனுபவச் சான்றிதழ் வாங்கிய கதை

புதிய வேலையில் சேர்ந்து கொஞ்ச நாளில் கம்பெனி எனக்குக் கிரீன் கார்டு வேலையைத் தொடங்கியது. லாயர் அலுவலகம் அனுப்பிய பட்டியலில் மற்ற எல்லாம் கையில் இருந்தன: பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட் நகல், விசா மனு ஏற்கப்பட்டதைக் காட்டும் பழைய ஐ-797 தாள்கள். ஒன்று மட்டும் இல்லை. முந்தைய நிறுவனத்தில் நான் பார்த்த வேலையை விவரித்து அந்த நிறுவனமே தரும் கடிதம்.

ஊரில் ஐ.டி. வேலையை விட்டு வரும்போது ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றிதழும் கேட்காமலே கைக்கு வந்துவிடும். அமெரிக்காவில் அந்தப் பழக்கம் இல்லை. அதோடு நான் இருந்த இடம் சிலிக்கான் பள்ளத்தாக்கின் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களில் ஒன்று. அடுத்து என்ன தயாரிக்கிறோம் என்பதை வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது அங்கே முதல் நாளே சொல்லித் தரப்படும் பாடம். பெயர் சொல்ல வேண்டாம். இதே நிலையில் சிக்கியிருக்கும் நம் ஆட்கள் நிறையப் பேர் என்பதால்தான் எழுதுகிறேன்.

அந்தக் கடிதம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை வழிக் கிரீன் கார்டில் பெரும்பாலோருக்கு முதல் படி பெர்ம், அதாவது தொழிலாளர் துறையின் ஒப்புதல். 'இந்த வேலைக்கு முதுகலைப் பட்டமும் இரண்டு ஆண்டு அனுபவமும் வேண்டும், சி மொழி தெரிய வேண்டும், எம்பெடெட் லினக்ஸ் தெரிய வேண்டும்' என்று கம்பெனி அதில் எழுதினால், அந்த ஒவ்வொன்றும் என்னிடம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். பெர்ம் தாக்கலாகும் தேதிதான் முன்னுரிமைத் தேதி, அதாவது கிரீன் கார்டு வரிசையில் நம் இடத்தைக் குறிக்கும் தேதி. அன்றைக்கே தகுதி முழுமையாக இருந்திருக்க வேண்டும். இப்போதைய கம்பெனியில் சேர்ந்த பிறகு கற்றது பொதுவாகக் கணக்கில் வராது. ஆகவே எல்லாப் பாரமும் பழைய கம்பெனியின் கடிதத்தின் மேல் விழுகிறது. இன்னொரு பக்கம் எச்-1பி வேலை விசாவின் ஆறு ஆண்டு வரம்பு. அது முடிவதற்கு 365 நாட்களுக்கு முன்பே பெர்ம் தாக்கலாகிவிட்டால் நீட்டிப்புக்கு வழி எளிது. அதனால் காத்திருக்கவும் முடியாது.

கடிதத்தில் இருக்க வேண்டியவற்றைக் குடியேற்ற விதியே சொல்கிறது, 8 சி.எஃப்.ஆர். 204.5(ஜி)(1). எழுதுபவரின் பெயர், முகவரி, பதவி, அப்புறம் செய்த பணிகளின் குறிப்பான விவரம். 'நல்ல பெண், கடுமையாக உழைப்பார்' என்றெல்லாம் எழுதி வாங்கினால் பயனில்லை.

பழைய கம்பெனியின் எச்.ஆர். தளத்தில் போய்க் கேட்டேன். அங்கிருந்து 'தி வொர்க் நம்பர்' சேவைக்குத் திருப்பிவிட்டார்கள். இது ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்துடையது. வீட்டுக்கடன் தரும் வங்கி, வாடகைக்கு விடுபவர் போன்றவர்களுக்கு வேலை விவரத்தை உறுதி செய்து தருவதற்கென்று பெரிய நிறுவனங்கள் பலவும் தங்கள் தகவலை அங்கே ஒப்படைத்துவிடுகின்றன. நம்மைப் பற்றி அங்கே என்ன பதிவாகியிருக்கிறது என்ற அறிக்கையை நாமே இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். வாங்கினேன். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, சம்பளம் எல்லாம் சரியாக இருந்தன. பதவி என்ற இடத்தில் 'இன்ஜினியர்' என்று ஒரே சொல். எந்தப் பிரிவு, என்ன மொழியில் எழுதினேன், எந்தச் சில்லைச் சோதித்தேன் என்பதற்கெல்லாம் அந்த அறிக்கையில் இடமே இல்லை.

மறுபடி எச்.ஆருக்கு எழுதினேன். இது குடியேற்றத் துறைக்காக, பணிவிவரம் கட்டாயம் வேண்டும் என்று விதியை இணைத்து அனுப்பினேன். வந்தது கம்பெனித் தலைப்புத் தாளில் இரண்டு வரி. இன்னார் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை எங்களிடம் பணியாற்றினார். இதற்கு மேல் எந்த விவரமும் தருவது எங்கள் கொள்கை அல்ல. என் பழைய மேனேஜரைக் கேட்டேன். அன்பாகத்தான் பேசினார். ஆனால் கம்பெனித் தாளில் மேனேஜர்கள் எதிலும் கையெழுத்திடக் கூடாது என்று உத்தரவு இருப்பதாகச் சொல்லிவிட்டார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்தத் துறையில் ரகசியம் எவ்வளவு ஆழமாகப் போகும் என்பது பொதுவெளியில் பதிவான விஷயம். ஆப்பிள் ஐபோனை உருவாக்கியபோது அந்தத் திட்டத்துக்கு 'பர்ப்பிள்' என்று பெயர் வைத்திருந்தார்கள். உள்ளேயே ஆள் எடுத்தபோது என்ன வேலை என்று சொல்ல முடியாது, இரவும் வார இறுதியும் உழைக்க வேண்டியிருக்கும் என்று மட்டும்தான் சொன்னோம் என ஸ்காட் ஃபோர்ஸ்டால் 2012-இல் சாம்சங் வழக்கில் சாட்சி சொன்னார். நான் வேலை பார்த்தது அங்கே இல்லை. ஆனால் பக்கத்து மேசைக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்கக் கூடாத அந்தச் சூழல் எனக்கு நன்றாகவே தெரியும். தயாரிப்பைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதை இன்றும் மதிக்கிறேன். ஆனால் சி மொழியில் டிரைவர், அதாவது வன்பொருளை இயக்கும் நிரல், எழுதத் தெரிந்த ஒருத்தி அங்கே இருந்தாள் என்பது எந்த வகையில் கம்பெனியின் ரகசியம்? அது என் உழைப்பு. அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்ற எண்ணம்தான் விடாமல் தேட வைத்தது.

லாயர் அலுவலகத்தில் என் கோப்பைப் பார்த்துக்கொண்ட பெண்மணி இதைக் கேட்டுக் கலங்கவே இல்லை. "அந்த ரெண்டு வரிக் கடிதத்தையும் எச்.ஆர். ஈமெயிலையும் பத்திரமா வைங்க, அதுதான் நமக்கு வேணும்" என்றார். விதியில் அடுத்த வாக்கியத்தைக் காட்டினார். அத்தகைய கடிதம் கிடைக்காவிட்டால் அனுபவத்தைக் காட்டும் வேறு ஆவணங்கள் பரிசீலிக்கப்படும் என்று அதில் இருக்கிறது. ஆனால் கிடைக்கவில்லை என்று நாம் வாயால் சொன்னால் போதாது, காட்ட வேண்டும். கம்பெனி மறுத்து எழுதிய ஈமெயில்தான் அதற்கு ஆதாரம். ஆகவே போனில் மறுத்தால் விட்டுவிடாதீர்கள். எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே மறுப்பை வாங்குங்கள்.

மறுப்பு கையில் வந்த பிறகு அடுத்தது கூட வேலை பார்த்தவர்களின் வாக்குமூலம். நேரடியாகத் தெரிந்த இரண்டு பேராவது எழுதித் தர வேண்டும், கம்பெனியின் பெயரில் இல்லாமல் தங்கள் சொந்தப் பெயரில். என் பழைய டீம் லீட் தூத்துக்குடிக்காரர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் கேட்டபோது சற்று நேரம் பேசவில்லை.

"எம்மா, செய்யணும்னுதான் இருக்கு. ஆனா ரகசியத்த வெளிய சொல்ல மாட்டேன்னு நான் என்.டி.ஏ. போட்டுருக்கேன். நாளைக்கு லீகல்ல இருந்து கூப்பிட்டா என்ன சொல்ல?"

"அண்ணா, புராஜெக்ட் பேரு வராது. சில்லு பேரு வராது. நான் எழுதி அனுப்புறேன், நீங்க படிச்சுப் பாத்து எதை வேணும்னாலும் அடிச்சுடுங்க."

அந்த வாசகத்தை எழுதியதுதான் இந்த முழு வேலையிலும் நான் அதிகம் உட்கார்ந்த இடம். முதலில் எழுதியதில் எங்கள் திட்டத்தின் உள்பெயர் வந்தது, எந்தத் தலைமுறைச் சாதனம் என்பதும் வந்தது. எல்லாவற்றையும் எடுத்தேன். பிறகு ஒரு வழி தெரிந்தது. அதே பிரிவில் அதே வேலைக்குக் கம்பெனி அப்போதும் ஆள் தேடிக்கொண்டிருந்தது. அவர்களின் வேலைவாய்ப்புப் பக்கத்தில், உலகமே பார்க்கும்படி, பணிகள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. இமேஜ் சென்சாருக்கான டிரைவர்களைச் சி மொழியில் எழுதுதல், எம்பெடெட் லினக்ஸில் பிழை கண்டறிதல், பைத்தானில் சோதனைக் கருவிகள் அமைத்தல். கம்பெனியே வெளியிட்ட சொற்களில் ரகசியம் என்று எதைச் சொல்ல முடியும்? அவற்றில் நான் உண்மையாகச் செய்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நேரத்தில் எத்தனை விழுக்காடு என்று சேர்த்தேன். சாதனத்தின் பெயர் வர வேண்டிய இடத்தில் 'நுகர்வோர் மின்னணுச் சாதனங்கள்' என்று போட்டேன். செய்யாத ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. கையெழுத்திடுபவர் பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுவேன் என்று உறுதி தந்து போடுகிறார், அவரை நாம் மாட்டிவிடக் கூடாது.

அண்ணா படித்துவிட்டு ஒரே ஒரு வரியை மாற்றினார். சென்சார் விற்பவரின் பெயர் வந்திருந்தது, அதை எடுத்துவிட்டார். நான் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை அவருக்குக் கீழே இருந்தேன், அவருடைய பதவி என்ன, எப்படி என் வேலையை நேரில் பார்த்தார் என்பதை அவரே சேர்த்தார். அந்த உறுதிமொழியோடு தேதி போட்டுக் கையெழுத்திட்டால் மத்தியச் சட்டப்படி நோட்டரி இல்லாமலே செல்லும் (28 யு.எஸ்.சி. 1746). ஆனாலும் லாயர் நோட்டரி முத்திரை இருக்கட்டும் என்றார். கலிபோர்னியாவில் ஒரு கையெழுத்துக்கு 15 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. தானும் அந்தக் கம்பெனியில் இருந்தவர்தான் என்று காட்ட, தன் வொர்க் நம்பர் அறிக்கையில் சம்பளத்தை மறைத்து இணைத்துத் தந்தார். இரண்டாவது வாக்குமூலம் இன்னும் அங்கேயே வேலை பார்க்கும் ஒரு தோழியிடமிருந்து. அண்ணாவின் வாசகத்தைப் பார்த்த பிறகு அவள் தயங்கவே இல்லை.

இதற்கிடையில் வீட்டில் இருந்த பழைய கோப்பு ஒன்றிலிருந்து நல்ல ஆதாரம் கிடைத்தது. சென்னையில் விசா ஸ்டாம்பிங்குக்குப் போகும்போது எடுத்துச் செல்லவென்று பழைய கம்பெனியே கொடுத்த எச்-1பி மனுவின் நகல். அதனுள்ளே குடியேற்றத் துறைக்கு அவர்கள் எழுதிய ஆதரவுக் கடிதம் இருந்தது. என் பணிகள் பத்தி பத்தியாக, கம்பெனித் தாளில், பொறுப்பான அதிகாரியின் கையெழுத்தோடு. மனு போட்டபோது 'செய்யப் போகும்' பணி என்றுதான் அதில் இருக்கும், 'செய்த' பணி என்று இருக்காது. அதனால் அது மட்டும் போதாது. ஆனால் வாக்குமூலங்களில் உள்ளதும் அதில் உள்ளதும் ஒன்றுக்கொன்று பொருந்தி நின்றன. உங்கள் வீட்டிலும் அந்தக் கோப்பு எங்காவது கிடக்கும், தேடிப் பாருங்கள்.

அடுத்தது கலிபோர்னியாச் சட்டம். தொழிலாளர் சட்டம் பிரிவு 1198.5-இன்படி, வேலையை விட்டுப் போனவரும் தன் பணிக்கோப்பின் நகலை எழுத்தில் கேட்கலாம். 30 நாட்களுக்குள் தர வேண்டும், தராவிட்டால் 750 டாலர் அபராதம். விலகிய பிறகும் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு நிறுவனம் கோப்பை வைத்திருக்க வேண்டும். சம்பளப் பதிவுகளுக்குத் தனிப் பிரிவு, 226. அதற்கு 21 நாட்கள். நான் இரண்டையும் ஒரே கடிதத்தில், பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினேன். அனுபவச் சான்றிதழ் என்று கேட்டபோது அசையாத கம்பெனி, பிரிவு எண்ணைப் பார்த்ததும் கெடுவுக்குள் பி.டி.எஃப். அனுப்பியது. ஒரு வகையில் எரிச்சல்தான். சான்றிதழ் கேட்டபோதே இப்படி ஒரு வழி இருக்கிறது என்று யாராவது சொல்லியிருக்கலாம்.

அந்தக் கோப்பில் என் ஆண்டு மதிப்பீடுகள் இருந்தன. திட்டப் பெயர் வந்த இடமெல்லாம் கருப்புப் பட்டை. ஒரு பத்தியில் பாதிக்கு மேல் கருப்பு. ஆனால் 'டிரைவரை எழுதி முடித்தார்', 'நினைவகக் கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார்', 'இரண்டு புதியவர்களுக்கு வழிகாட்டினார்' என்ற சொற்களை யாரும் தொடவில்லை. எனக்கு வேண்டியது அவைதானே. லாயர் இரண்டு பக்கங்களை மட்டும் எடுத்து இணைத்தார்.

இந்தச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வாஷிங்டன், மாசசூசெட்ஸ் மாநிலங்களிலும் பணிக்கோப்பைப் பார்க்கும் உரிமை உண்டு. டெக்சாஸில் தனியார் நிறுவனங்களுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது: 2023 ஜனவரி முதல் மாநிலத் தனியுரிமைச் சட்டம் ஊழியர்களுக்கும் வேலைக்கு விண்ணப்பித்தவர்களுக்கும் பொருந்துகிறது. தங்களைப் பற்றிக் கம்பெனி வைத்திருக்கும் தகவலைக் கேட்டால் 45 நாட்களில் பதில் தர வேண்டும், தேவைப்பட்டால் அவர்கள் இன்னொரு 45 நாள் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அது தேவைப்படவில்லை.

காப்புரிமை விண்ணப்பத்தில் உங்கள் பெயர் இருந்தால் அதையும் சேருங்கள். அமெரிக்காவில் விண்ணப்பம் பொதுவாக 18 மாதங்களில் பொதுவெளிக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு கம்பெனியே நினைத்தாலும் அதை ரகசியம் என்று சொல்ல முடியாது. என் தோழிக்கு அதுதான் கைகொடுத்தது.

எல்லாம் சேர்த்துப் பெர்ம் தாக்கலானது, ஒப்புதல் வந்தது, பிறகு கம்பெனி எனக்காகக் குடியேற்றத் துறையில் போடும் ஐ-140 மனு. கூடுதல் ஆதாரம் கேட்டு எந்தக் கடிதமும் வராமலே ஐ-140 ஏற்கப்பட்டது. இனி இந்தியாவுக்கான நீண்ட வரிசையில் என் முன்னுரிமைத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டும்.

இன்னும் அத்தகைய கம்பெனிகளுக்குள்ளே இருப்பவர்களுக்கு ஒன்று. 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, அமெரிக்காவில் பலர் கணினியைத் திறந்த பிறகுதான் தங்கள் கணக்கு மூடப்பட்டதை அறிந்தார்கள். கணக்கு போன பிறகு எதையும் எடுக்க முடியாது. ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டுகள், ஆண்டுச் சம்பளத்தையும் வரியையும் காட்டும் டபிள்யூ-2 படிவம், எச்-1பி மனுவின் நகல் ஆகியவற்றைச் சொந்த ஈமெயிலில் இப்போதே சேமித்து வையுங்கள். மதிப்பீடுகளை நீங்களாக வெளியே அனுப்ப வேண்டாம். அவற்றில் திட்டப் பெயர் இருக்கும், அதுவே வம்பாகிவிடும். 1198.5-இன்படி கேட்டு வாங்குங்கள். அப்புறம், உங்கள் லீடின் சொந்தப் போன் நம்பர் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். அலுவலக நம்பர் மட்டும் இருந்தால், அவர் விலகிய பிறகு அவரைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.