நள்ளிரவில் சித்திரை: நட்சத்திரங்களைக் கொண்டு திசையும் மணியும் பார்த்த அனுபவம்

துருவ நட்சத்திரத்தை வைத்துத் திசை அறியலாம் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. ஆனால் மேலூர் பக்கம் அட்சரேகை 10 பாகைதான். துருவமும் அடிவானத்திலிருந்து அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டிப் பிடித்தால் ஒரு முஷ்டி உயரம். ஒரு தென்னந்தோப்பு போதும், மறைந்துவிடும். ஆகவே அதை ஒருமுறை பார்த்துக் கோடு போட்டுக்கொண்டு, பிறகு மற்ற நட்சத்திரங்களை நம்புவது என்று முடிவு செய்தேன்.

அதற்கு ஏற்ற காலம் பங்குனிக் கடைசி. இரவு பத்து, பதினொரு மணி வாக்கில் சப்தரிஷி மண்டலம் வடக்கே உயர்ந்து நிற்கும். அதன் முன்னிரு நட்சத்திரங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். அந்த இடைவெளியைப் போல் ஐந்து மடங்கு கீழே இறங்கினால் துருவம். அந்த மண்டலத்தின் வசிட்டனை ஒட்டி மங்கலான அருந்ததி தெரிகிற இரவாக இருந்தால் துருவமும் தெரியும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மொட்டைமாடியில் இரண்டு மூங்கில் நட்டு, இடையே ஒரு கயிற்றை விறைப்பாகக் கட்டினேன். அதன் இரு முனையிலும் கொத்தனாரின் தூக்குக்குண்டுகளைத் தொங்கவிட்டேன். காற்றில் ஆடாமல் இருக்கக் குண்டுகளை வாளித் தண்ணீரில் அமிழ்த்திவைத்தேன். இது மிக நன்றாக வேலை செய்தது. இரண்டு நூலும் ஒன்றையொன்று மறைத்து, துருவத்தையும் மறைக்கும்வரை தென்முனை மூங்கிலை நகர்த்தி, கயிற்றுக்கு நேர்கீழே தரையில் சுண்ணக்கோடு இழுத்தேன்.

சரிபார்க்கத் தென்சிலுவை என்ற நட்சத்திரக் கூட்டம் இருக்கிறது. அதே இரவு 11:20க்கு மேல் கயிற்றின் வடமுனையில் உட்கார்ந்து தெற்கே பார்த்தேன். சிலுவையின் தலை நட்சத்திரமும் கால் நட்சத்திரமும் ஒரே நூலில் கோத்ததுபோல் நின்றன. ஏறக்குறைய இரண்டு முஷ்டி உயரத்தில், எவ்வளவு தெளிவு! வடக்கும் தெற்கும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிவிட்டன.

இனி மணி. சுண்ணக்கோட்டின் மேல் தலை வைத்து மல்லாந்து படுத்தால், மேலே உள்ள கயிற்றை நட்சத்திரம் கடப்பதுதான் உச்சம். கண் ஒரு அங்குலம் விலகினாலே மூன்று நிமிடம் பிசகும். சித்திரைப் பிறப்பை ஒட்டிய இரவில் சித்திரை நட்சத்திரம் கயிற்றைத் தொட்டபோது கைக்கடிகாரத்தில் 12:15. நள்ளிரவில் அது உச்சியில் நிற்க வேண்டும். கால் மணி பிந்தியது நட்சத்திரத்தின் குற்றமல்ல. இந்தியாவின் பொது நேரம் கிழக்கே 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. மேலூர் அதற்கு மேற்கே நான்கு பாகைக்குச் சற்று அதிகம். பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்குப் போட்டால் சரியாக வருகிறது.

நம் மாதப் பெயர்களே இரவுக் கடிகாரம் என்பது இதில்தான் எனக்கு உறைத்தது. முழுநிலவு சூரியனுக்கு எதிரே இருக்கும். அது எந்த நட்சத்திரத்தின் அருகே நிற்கிறதோ அதுவே மாதத்தின் பெயர். அதுவே அந்த மாத நள்ளிரவில் உச்சியை ஒட்டி நிற்கும். கார்த்திகை நடுநிசியில் கார்த்திகை, மாசியில் மகம். சித்திரைப் பிறப்பை ஒட்டிய இரவுக்கு என் கணக்கு இப்படி: மகம் கோட்டைக் கடந்தால் ஒன்பது மணி, உத்திரம் 10:40, சித்திரை 12:15, சுவாதி 1:05, கேட்டை 3:20. நாளுக்கு நான்கு நிமிடம் முந்தும் என்பதை மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும்.

கயிறில்லாமல் வயல்வெளியில் நடக்கும்போது மிருகசீரிடத்துக்குக் கீழே வரிசையாக உள்ள மூன்று நட்சத்திரங்கள் துணை. அவற்றில் முன்னால் போவது எந்த ஊரிலும் நேர்கிழக்கில் உதித்து நேர்மேற்கில் மறையும். ஏப்ரல் நடுவில் பத்தரை மணிக்குள் மறைந்துவிடுவதால் முன்னிரவுக்குத்தான் உதவும்.

வைகாசி பிறக்கும்போது சித்திரை 10:15க்கே கோட்டைக் கடந்துவிடும். நள்ளிரவை ஒட்டி வருவது விசாகம். அது மங்கலானது. மேலூர் வெளிச்சத்தில் கயிற்றின் மேல் அதைப் பிடிக்க முடியுமா என்று அடுத்ததாகப் பார்க்கப் போகிறேன்.